குருந்தன் வைத்த பதினோரு புள்ளிகள்

அந்தக் காலத்தில் விலங்குகளுக்குப் பேச்சு இருந்தது. மனிதர்கள் முகத்தை நம்பவில்லை. ஒருவரை ஒருவர் மணத்தால்தான் அறிந்தார்கள். கணவன் வாசலுக்கு வரும் முன் அவன் மணம் வந்துவிடும். மனைவி நிமிர்ந்து பார்க்காமலே இலை போடுவாள்.

மலையடிவாரத்தில் குருந்தன் என்பவன் இருபத்திரண்டு எருமைகளை மேய்த்தான். மனைவி நல்லக்காள், ஏழு மாதக் குழந்தை, ஒரு நாய். வீட்டில் அவ்வளவு பேர்தான். அவன் மேல் எருமை மணம் உண்டு. வீட்டில் யாரும் அதைக் குறையாக நினைக்கவில்லை. நல்லக்காளின் தம்பி வேம்பன்தான் விடமாட்டான்.

"வாங்க மச்சான்! இருபத்திரண்டும் பின்னாடி வருதா, இல்ல மொத்தமா நீங்களே வந்துட்டீங்களா?"

பந்தியே சிரிக்கும். குருந்தனும் சிரிப்பான். ஆனால் பாதிச் சோற்றிலேயே இலையை மடித்துவிடுவான்.

வேம்பனுக்குப் பரிசம் போடும் நாள் வந்தது. பெண் வீட்டுக்கு ஆண்கள் ஒன்பது பேர் போவதாக ஏற்பாடு. அன்று விடியும்போதே குருந்தன் புனுகுப் பூனையிடம் போனான். அது தன் புனுகை ஏழு மரக்கம்பங்களில் தேய்த்து வைத்திருந்தது.

"எனக்கு ஒரு மணம் வேணும்."

"சந்தனம் பூசிக்கோ. அரை நாள் நிற்கும். மரிக்கொழுந்து வாடும் வரைக்கும் நிற்கும்."

"போகாதது எது?"

"என்னோடது. ஆனா ஒரு குன்றிமணி அளவுதான். காதுக்குப் பின்னால ஒரே புள்ளி. உன் மூக்குக்கு எட்டக் கூடாது."

"எனக்கே எட்டலைன்னா என்ன பிரயோசனம்?"

"மணம் உனக்கா, அடுத்தவனுக்கா?" என்று கேட்டுவிட்டுப் பூனை பொந்துக்குள் தூங்கப் போய்விட்டது.

குருந்தன் கம்பத்திலிருந்து வழித்து ஒரு புள்ளி வைத்தான். முதலில் மணத்தது. சிறிது நேரத்தில் ஒன்றும் தெரியவில்லை. கூடவே இருப்பதை மூக்கு மறந்துவிடும் என்பது அவனுக்குத் தெரியாது. 'பூனை ஏமாற்றிவிட்டது' என்று நினைத்து மறுபடி வழித்தான். அடுத்த காதுக்குப் பின்னால் ஒன்று, கழுத்தில் ஒன்று, அக்குளில் இரண்டு, மணிக்கட்டில் இரண்டு, மார்பில் ஒன்று, தொப்புளில் ஒன்று, முழங்காலுக்குப் பின்னால் இரண்டு. முதல் புள்ளியோடு பதினொன்று.

கடைசிப் புள்ளி வைத்ததும், ஈரத்துணி நழுவுவதுபோல அவன் முதுகிலிருந்து ஏதோ நழுவியது. திரும்பினான். யாரும் இல்லை. காற்றே இல்லாத அந்த வேளையில் புல் மட்டும் அடி அடியாக மடங்கிக்கொண்டு அவன் வீட்டுப் பக்கம் போனது.

பெண் வீட்டில் வேம்பனே எழுந்து வரவேற்றான். "ஐயா எந்த ஊருங்க? உட்காருங்க." குருந்தனுக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் வெற்றிலை மாற்றும் நேரம் வந்ததும் வேம்பன் தட்டைக் கீழே வைத்துவிட்டான்.

"எட்டுப் பேர்தானே இருக்கோம்? மச்சான் வரட்டும். அவர் இல்லாம எனக்குக் கை வரல."

"நான்தான்டா உன் மச்சான்!"

"போங்கய்யா. எங்க மச்சான் வாசம் எங்களுக்குத் தெரியாதா?" என்று சிரித்தான் வேம்பன்.

குருந்தன் வீட்டுக்கு ஓடினான். வாசலில் அவன் நாயே அவனைப் பார்த்து உறுமியது.

"நல்லக்கா, நான் வந்துட்டேன்."

"யாரய்யா நீங்க? அப்படியே நில்லுங்க. வீட்டுக்காரர் சாப்பிடுறார்."

எட்டிப் பார்த்தான். பாயில் யாரும் இல்லை. முன்னால் இலை, இலையில் சோறு. சோற்றில் ஒரு கை அளவு பள்ளம். பக்கத்தில் குழந்தை வெறும் இடத்தைப் பார்த்துச் சிரித்தது. அதன் சிறு கை, ஒரு விரலைப் பிடித்திருப்பதுபோல மூடியிருந்தது.

பொந்தின் முன் போய் விழுந்தான். பூனை கேட்டது: "சோத்துல கை வெச்சாச்சா?"

"வெச்சாச்சு."

"விளக்கு ஏத்துற வரைக்கும் உன்னை விட்டு நழுவின உன் மணம் அங்க இருந்துட்டா, அதுதான் வீட்டுக்காரன். உன்னை யாருக்கும் தெரியாது."

"என் பிள்ளை அங்க இருக்கு!"

"நான் கொடுத்ததை நான்தான் நக்கி எடுக்கணும். ஒவ்வொரு புள்ளிக்கும் என் பேச்சுல கொஞ்சம் போகும்." பூனை கண்ணை மூடித் திறந்தது. "காரணம் சொல்லாமக் கொடுத்தது என் தப்பு. உட்கார்."

மூன்றாம் புள்ளியில் அதற்கு நாக்குக் குழறியது. ஏழாவதில் ஒற்றைச் சொற்களே மிஞ்சின. ஒன்பதாவதில் "ஓடு" என்றது. பத்தாவதில் சீறல் மட்டும் வந்தது. காதுக்குப் பின்னால் முதலில் வைத்த புள்ளியை மட்டும் விட்டுவிட்டது.

நல்லக்காள் திரியைத் தூண்டி நெருப்பை நீட்டும்போது அவன் உள்ளே வந்தான். நாய் அவனை முகர்ந்தது. குழந்தையின் கை மெல்லத் திறந்தது.

"சாப்பிட்டுக்கிட்டே எப்ப வெளியே போனீங்க?" என்றாள் நல்லக்காள். பிறகு, முதல் முறையாக, அவன் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

குருந்தன் சோற்றில் இருந்த பள்ளத்தையே பார்த்தான். நாய் அவனைப் பார்த்தது, பாயைப் பார்த்தது, இரண்டையும் பார்த்து வாலாட்டியது. ஒரு புள்ளி அளவுக்கு அவன் பழைய மணம் இன்னும் பாயிலேயே இருந்தது.

அன்று முதல்தான் புனுகுப் பூனை பேசாமல் மனிதன் வாடை பட்டதும் ஓடுகிறது. ஆண்கள் காதுக்குப் பின்னால் ஒரு புள்ளி மணத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். வீட்டுக்காரன் வாசலில் நிற்கும்போதே நாய் உள்ளே திரும்பி, யாரும் இல்லாத இடத்தைப் பார்த்து ஒரு தடவை வாலாட்டுகிறது.