லாக்-அவுட் செய்யாத முதலாளி

கட்டட வரைபடம் போடும் கம்பெனி முதலாளி மாசிலாமணியின் லினக்ஸ் லேப்டாப்பில் இரண்டு கிராபிக்ஸ் கார்டுகள். சின்னது சார்ஜை மிச்சம் பிடிக்கும், பெரியது படத்தை ஓட்டும். அன்று பெரியது எழவே இல்லை. திரையில் வீட்டுப் படம் நொண்டியடித்தது.

கம்பெனியில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் பொற்கொடி, கார்டை மாற்றும் கட்டளையைக் கொடுத்துவிட்டு, "ஒரு தடவை லாக்-அவுட் பண்ணி உள்ளே வாங்க சார், மாறிடும்" என்றாள்.

"மூணு வருஷமா நான் லாக்-அவுட் பண்ணினதே இல்லை. ஓய்வெடுக்கிற ஆளா நான்? இப்படியே மாத்து. மத்தியானத்துக்குள்ள மாறலைன்னா உனக்கு வேலை இல்லை."

வேலை போனால் இன்னொன்று சுலபமாகக் கிடைக்குமா? ஆபீசே எட்டிப் பார்த்தது. பொற்கொடி மெதுவாகப் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

"மூணு வருஷம் ஆச்சுன்னா பாஸ்வேர்டு மறந்துதான் போயிருக்கும். பரவாயில்லை, நான் யார்கிட்டேயும் சொல்ல மாட்டேன் சார்."

"எனக்கா மறதி? எல்லாரும் பாருங்க" என்ற முதலாளி, லாக்-அவுட் செய்து, ஒவ்வொரு எழுத்தாகச் சத்தம் போட்டுச் சொல்லிக்கொண்டே பாஸ்வேர்டைத் தட்டினார்.

லேப்டாப்பின் விசிறி உறுமியது. பெரிய கார்டு விழித்துக்கொண்டது. திரையில் வீடு வழுக்கிக்கொண்டு சுழன்றது.

"பார்த்தியா, மறக்கலை."

"ஆமாம் சார்" என்று பொற்கொடி பையை இறக்கி வைத்தாள். "இனிமே இந்த ஆபீஸ்ல யாருக்குமே மறக்காது."