மூழ்கிய கொடியும் இரண்டு சங்குகளும்

முன்னொரு காலத்தில், கிழக்குக் கடலோரம் இருந்த பவளத்துறை நாட்டை வச்சிரசேனன் என்ற ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் அவன் மனசில் ஒரு பயம் புகுந்தால், பொழுது சாய்வதற்குள் அது சட்டமாகிவிடும்.

ஒருநாள் அவன் கரையில் நின்று, புறப்பட்டுப் போகும் கப்பலைப் பார்த்துக்கொண்டிருந்தான். போகப்போகக் கப்பல் சிறுத்தது, அதுவரை சரி. பிறகு அதன் அடிப்பாகம் காணாமல் போயிற்று. பிறகு பாயும் போயிற்று. கடைசியில் கொடி மட்டும் தண்ணீர்மேல் தனியாக ஆடியது. அதுவும் இறங்கிவிட்டது. புயலில்லை, ஒரு கூக்குரல்கூட இல்லை. ராஜாவின் மனசில் பயம் புகுந்தது.

பக்கத்தில் நின்றவர் நிமித்தம் பார்க்கும் கார்மேகப் பண்டிதர். அமைச்சர் அம்பலத்தரசரைக் கண்டாலே இவருக்கு வயிறு எரியும். அமைச்சரோ அப்போது அண்டை நாட்டுக்குத் தூது போயிருந்தார். பண்டிதருக்கு இதைவிட நல்ல நேரம் வாய்க்குமா?

"கடல் விழுங்கிவிட்டது, மகாராஜா" என்றார் மெதுவாக.

"கப்பல்கள் திரும்பி வருகின்றனவே?"

"வருகின்றன. வருவது யார் என்று என்றைக்காவது கேட்டீர்களா?"

அன்று மாலையே சட்டம் பிறந்தது. கொடி இறங்கியதும் கரையில் சாவுச் சங்கு ஊதவேண்டும். போனவர்களுக்குக் கருமாதி செய்துவிட வேண்டும். திரும்பி வருகிறவர்கள் ஊருக்குள் கால் வைக்கக்கூடாது. எதிரே இருக்கும் மணல்திட்டில்தான் கிடக்கவேண்டும்.

அதன்பிறகு பவளத்துறையில் மாலை வந்தாலே பயம்தான். திட்டில் இருந்தவர்கள் இடுப்பளவுத் தண்ணீரில் வரிசையாக நின்று, பெண்டாட்டி பிள்ளைகளைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள். ஊரில் ஒவ்வொரு சன்னலாகச் சாத்தப்படும். அவர்களுக்கு நிழல் விழுவதில்லை என்று ஒருவன் கிளப்பிவிட்டான். பொழுது சாய்ந்தபிறகு எவனுக்கு நிழல் விழும்? கேட்க ஆளில்லை. கொடுமை என்னவென்றால், நாளாக நாளாகத் திட்டில் இருந்தவர்களும் தங்கள் கையைத் தாங்களே கிள்ளிப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

மாலுமி கண்டராயனின் மனைவி செம்பவளம் மட்டும் சன்னலைச் சாத்தவில்லை. கட்டுமரத்தில் கஞ்சிக் கலயத்தோடு திட்டுக்குப் போய்ப் புருஷனுக்குக் கொடுத்துவிட்டு வரும்போது பிடிபட்டாள்; சபைக்கு இழுத்து வந்தார்கள்.

"பேய்க்குச் சோறு போட்டவள் பேயோடு போகட்டும். துடுப்பில்லாத படகில் ஏற்றிக் கடலில் விடுங்கள்" என்றார் பண்டிதர்.

"பேயா? கஞ்சிக்கு உப்புப் பத்தலேன்னு ஏசுச்சு சாமி, அந்தப் பேய். எம் புருஷனைத் தவிர வேற யாரு அப்படி ஏசுவா?" என்றாள் செம்பவளம்.

சபை சிரிக்கப் பார்த்தது. ராஜாவின் முகத்தைக் கண்டு அடக்கிக்கொண்டது.

அந்த நேரத்தில்தான் அமைச்சர் ஊர் திரும்பி, பல்லக்கை விட்டு இறங்கி நேரே சபைக்கு வந்தார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"மகாராஜா, நாளை ஒரு கப்பல் புறப்படுகிறது. கடல் அதை விழுங்குவதை நானும் பார்க்கிறேன். விழுங்கினால் இவள் போகும் படகில் எனக்கும் இடம் போடுங்கள்."

பண்டிதரின் முகம் மலர்ந்தது.

"ஒரே ஒரு வேண்டுகோள். பண்டிதரின் கண் கூர்மை ஊரறிந்தது. அவர் இன்னொரு சங்கோடு கலங்கரை விளக்கத்தின் உச்சியில் நிற்கட்டும். கொடி இறங்கும்போது கீழே ஒரு சங்கு, மேலே ஒரு சங்கு. சாவுக்கு இரண்டு சாட்சி இருப்பது நல்லதுதானே?"

புகழ்ச்சியில் மயங்கிய பண்டிதர், வேகமாகத் தலையாட்டினார்.

மறுநாள் மாலை கப்பல் போயிற்று. கரையில் ஊரே திரண்டு நின்றது. அடிப்பாகம் இறங்கியது. பாய் இறங்கியது. கொடி நடுங்கி நடுங்கி மறைந்தது. கீழே சாவுச் சங்கு ஊதினார்கள். பெண்கள் விம்மினார்கள்.

மேலே சங்கு ஊதவில்லை.

"பண்டிதரே, இறங்கிவிட்டதா?" என்று ராஜா கத்தினான்.

"இல்லையே மகாராஜா! பாயெல்லாம் விரித்துக்கொண்டு முழுசாகப் போகிறதே!" என்று மேலிருந்து குரல் வந்தது. வந்தபிறகுதான் பண்டிதருக்குத் தாம் சொன்னது உறைத்தது. கையிலிருந்த சங்கு நழுவிப் பாறையில் விழுந்து உடைந்தது.

அமைச்சர் செம்பவளத்தைக் காட்டினார். "இவள் புருஷன் அந்தக் கப்பலில் போயிருந்தால், இங்கே நிற்கும்போது இவள் விதவை, படியேறி உச்சிக்குப் போனால் சுமங்கலி. இது என்ன சாவு, மகாராஜா?"

ராஜா மூச்சிரைக்க உச்சிக்கு ஏறினான்; அமைச்சரும் பின்னாலேயே ஏறினார். ஆமாம், கப்பல் போய்க்கொண்டிருந்தது. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அங்கேயும் அடிப்பாகம் மறைந்தது. பாய் மறைந்தது. கொடி இறங்கியது.

"ஐயோ, இப்போது விழுங்கிவிட்டது!"

"இன்னும் உயரமான கோபுரம் கட்டுங்கள், திரும்பத் தெரியும். கடல் எதையும் விழுங்கவில்லை. பூமி பூசணிக்காய்போல வளைந்திருக்கிறது. அந்த வளைவுக்கு அப்பால் இறங்குவது நம் கண்ணுக்கு மறைகிறது, அவ்வளவுதான்."

ராஜாவுக்கு இன்னும் பயம் தீரவில்லை. அமைச்சர் குரலைத் தாழ்த்தினார்.

"இன்னொன்று சொல்கிறேன். கப்பலில் இருப்பவன் திரும்பிப் பார்த்தால் என்ன தெரியும்? முதலில் இந்தக் கரை மூழ்கும். பிறகு உங்கள் அரண்மனை. கடைசியில் இந்த விளக்கும் தண்ணீருக்குள் போகும். திட்டில் கிடக்கிற ஒவ்வொருவனும் நீங்கள் மூழ்குவதைப் பார்த்தவன். ஆனாலும் திரும்பி வந்து, நீங்கள் பேயா என்று கேட்காமல், கும்பிட்டுத்தானே நின்றான்?"

ராஜா தன்னையறியாமல் தன் கையைக் கிள்ளிப் பார்த்துக்கொண்டான்.

அன்று மாலையே சட்டம் செத்தது. திட்டிலிருந்து படகுகள் வந்தன. சாத்திய சன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. ராஜா தன் முத்துமாலையை அமைச்சர் கழுத்தில் போட்டான். சாவுச் சங்கைச் செம்பவளத்திடம் கொடுத்து, இனிமேல் கப்பல் வரும்போது மட்டும் ஊதச் சொன்னான். பண்டிதரை அடுத்த கப்பலில் ஏற்றி, ஊர் மூழ்குவதைப் பார்த்துவரச் சொல்லி அனுப்பினான்.

மாதங்கள் கழித்து அந்தக் கப்பல் திரும்பியது. எல்லாரும் கரையேறினார்கள். பண்டிதர் மட்டும் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுவிட்டார். கரையில் ஊரே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் தம் மனைவியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். தம் கையைக் கிள்ளிப் பார்த்தார்.

செம்பவளம் சங்கை ஊதினாள். பிறகு கஞ்சிக் கலயத்தோடு தண்ணீரில் இறங்கினாள்.

"வாங்க சாமி, குடிங்க. உப்புப் பத்தலேன்னா சொல்லுங்க."