நல்லாயி ஊதிய விளக்கு

கோழிகளும் நரிகளும் மனிதரும் ஒரே மொழியில் பேசிக்கொண்ட அந்தக் காலத்தில், விளக்கை அணைக்க வேண்டுமென்றால் எல்லாரும் வாயால்தான் ஊதினார்கள். அதில் குற்றமிருப்பதாக ஒருவரும் எண்ணியதில்லை. நல்லாயியும் எண்ணவில்லை.

நல்லாயி முப்பது கோழிகளை வளர்த்து வந்தாள். பேறுகாலத்துக்குத் தாய்வீடு வந்த அவள் மகள், பிள்ளை பெற்ற பின் எழுந்து உட்காரவும் வலுவின்றிக் கிடந்தாள். நாளுக்கு இரண்டு முட்டையாவது உள்ளே போனால்தான் தேறுவாள் என்று மருத்துவச்சி சொல்லிவிட்டாள். மார்கழி மாதம், கூடையில் ஒரு முட்டைகூட இல்லை.

கோழிகளுக்குத் தலைவி செம்பி. நல்லாயி அதனிடம் போய், "என்னடி செம்பி, எல்லாரும் சேர்ந்து என்மேல் கோபமா?" என்று கேட்டாள்.

"கோபமென்ன, ஆத்தா! பகல் சுருங்கிப் போயிற்று. வெளிச்சம் போதிய நேரம் கண்ணுக்குள் நின்றால்தான் எங்கள் உடம்புக்கு முட்டை நினைவு வரும்."

"அவ்வளவுதானா? பொழுது சாய்ந்த பிறகும் கொட்டகையில் விளக்கேற்றி வைக்கிறேன்."

செம்பி தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் அவளைப் பார்த்தது. "வை. ஆனால் ஒரு வாக்குக் கொடு. எப்படி வேண்டுமானாலும் ஏற்று. அணைப்பதை மட்டும் சூரியனைப் போலச் செய். அவன் சொல்லாமல் போகிறவன் அல்லன். கொஞ்சங்கொஞ்சமாக மங்குவான். அதற்குள் நாங்கள் மேலே குறுக்கே கட்டிய கழியில் ஏறி அமர்ந்துவிடுவோம்."

"இருட்டுக்கா இத்தனை பயம்? நானுந்தான் இருட்டில் நடக்கிறேன்."

"இருட்டு என்றால் உனக்கு விளக்கு இல்லை, எங்களுக்குக் கண்ணே இல்லை, ஆத்தா."

நல்லாயி சிரித்தாள். சிரித்தபடியே செம்பியின் தலையில் கை வைத்து வாக்குக் கொடுத்தாள்.

கொடுத்த வாக்கைக் காக்கவும் செய்தாள். மாலைதோறும் பெரிய அகலை ஏற்றி வைப்பாள். நேரமானதும் திரியைச் சற்று உள்ளே இழுப்பாள். பொறுத்து மறுபடி இழுப்பாள். கடைசிக் கோழியும் கழியேறிய பிறகே அணைப்பாள். மூன்றாம் வாரம் கூடை நிறைந்தது. மகள் எழுந்து, தன் கையாலேயே தொட்டிலை ஆட்டினாள்.

ஒரு மாலை. விளக்கேற்றிச் சற்று நேரந்தான் ஆகியிருக்கும். கோழிகள் தரையில் கம்பு மணிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தன.

"தள்ளி நில்லடி, உன் வால் என் வாய்க்குள் போகிறது!"

"வாயை மூடிக்கொள், போகாது!"

நகைத்துக்கொண்டே நிமிர்ந்த நல்லாயி, படலின் இடுக்கு வழியே வேலியோரத்தைப் பார்த்தாள். இரண்டு கண்கள் மின்னின. நரி!

இந்த வெளிச்சமல்லவா தன் கோழிகளைக் காட்டிக் கொடுக்கிறது? வேறொன்றும் அவளுக்குத் தோன்றவில்லை. குனிந்து, ஒரே மூச்சில் ஊதிவிட்டாள்.

அடுத்த கணம் கொட்டகையே அலறியது. அறுபது இறக்கைகள் சுவரிலும் கூரையிலும் மோதின. எதுவோ அவள் முழங்காலில் முட்டி விழுந்தது. "ஆத்தா! ஆத்தா!" என்ற கூக்குரல்கள் யாவும் ஒரு பக்கமாக ஓடின, ஓடி, ஒன்றன்மேல் ஒன்று ஏறின, பிறகு, துணியால் வாயைப் பொத்தியதுபோல் அமுங்கின. நல்லாயி தட்டுத்தடுமாறி ஓடி, அடுப்பிலிருந்து கொள்ளியொன்றை எடுத்து வந்தாள்.

மூலையில் ஒரு குவியல். மேலே கிடந்தவை எழுந்து தள்ளாடின. கீழே கிடந்தவை எழவில்லை. ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தாள். உடம்பில் சூடு இருந்தது. ஒரு கடி இல்லை, ஒரு சொட்டு இரத்தம் இல்லை. கண்கள் மட்டும் அகலத் திறந்திருந்தன. பதினேழு கோழிகள் மூச்சு முட்டிச் செத்திருந்தன. தன் வாயை அவள் கையால் தொட்டுப் பார்த்தாள். இந்த வாயிலிருந்து போன காற்றா?

"அத்தை..." படலுக்கு வெளியே நரியின் குரல் நடுங்கியது. "நான் இன்னும் உள்ளேயே வரவில்லையே!"

சொன்ன நரி, வாலை ஒடுக்கிக்கொண்டு, வெறும் வாயோடு காட்டுக்குத் திரும்பியது.

குவியலுக்கு அடியிலிருந்து, ஓர் இறக்கை தொங்க, செம்பி ஊர்ந்து வந்தது.

"உங்களைக் காப்பாற்றத்தானடி ஊதினேன்!" என்றாள் நல்லாயி.

"நரியைக் கண்டிருந்தால் கழியில் ஏறித் தப்பியிருப்போம். காண்பதற்குக் கண் வேண்டாமா, ஆத்தா?" செம்பி மூச்சு வாங்கியது. "என் தலையில் கை வைத்துக் கொடுத்த வாக்கு. இனி உன்னோடு பேசி என்ன பயன்?"

கோழி மனிதரிடம் பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

அன்று முதல்தான் நம் வீடுகளில் விளக்கை வாயால் ஊதி அணைப்பதில்லை. திரியை மெல்ல இழுத்துக் குளிர வைக்கிறோம். மின்விளக்கு எரியும் நெடிய கோழிக் கொட்டகைகளிலும், விவரம் அறிந்தவர்கள் வெளிச்சத்தைச் சிறிது சிறிதாகவே குறைக்கிறார்கள். கோழிகளோ, விளக்கு மங்கத் தொடங்கியதுமே, ஒரு சொல்லும் சொல்லாமல் கழியேறிவிடுகின்றன. மனிதரின் வாக்கை நம்பி, அன்று முதல், ஒரு நாளும் அவை தரையில் காத்திருந்ததில்லை.