சனிக்குக் கிடைத்த நாள்

அந்தக் காலத்தில் நாட்களுக்குப் பெயரே கிடையாது. ஆடு, மாடு, கோழியெல்லாம் மனிதரோடு சரிக்குச் சரி பேசிக்கொண்டிருந்த காலம் அது. பேச்சுக்குக் குறைவில்லை, நாளுக்குத்தான் பெயரில்லை. நேற்று, இன்று, நாளை. அதைத் தாண்டினால் எல்லாருக்கும் குழப்பம். ஒரு கல்யாணத்துக்குப் பெண் வீட்டார் சமைத்து வைத்துக் காத்திருக்க, மாப்பிள்ளை வீட்டார் மூன்று நாள் கழித்து மேளத்தோடு வந்து நின்றார்கள். சோறு ஊசிப்போய், இரண்டு வீட்டாரும் மண்டையை உடைத்துக்கொண்டார்கள்.

நாட்டாமை சோணைமுத்துவுக்கு வெறுத்துப்போயிற்று. வானத்தைப் பார்த்து, "பெயர் கொடுக்க வருகிறவர்களுக்கு ஆளுக்கொரு நாள் தருகிறோம்" என்று கூப்பிட்டார். ஞாயிறு முதலில் வந்தார். பிறகு திங்கள், செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி. ஆறு பேருக்கும் ஆறு நாள் கொடுத்து, மாலை போட்டு அனுப்பிவிட்டுப் பந்தலைப் பிரிக்கத் தொடங்கினார்கள்.

அப்போதுதான் சனி வந்தார். ஒரு கால் ஊனம், நடை மெதுவு. கூட்டம் ஒதுங்கி நின்றது.

"பெயரெல்லாம் வைத்தாயிற்று. போய்ட்டு வாங்க" என்றார் நாட்டாமை, முகத்தைக்கூடப் பார்க்காமல்.

"இவ்வளவு தூரம் தனியாகவே நடந்து வந்தேன் ஐயா" என்றார் சனி.

அங்கே செவலை என்றொரு கோழி நின்றிருந்தது. அடைகாத்த முட்டைகளில் ஒன்றே ஒன்றுதான் குஞ்சு பொரித்தது. அந்தக் குஞ்சு அதன் இறக்கைக்குள் இருந்தது. சனியைப் பார்த்து மனசு கேட்காமல் செவலை வாயைத் திறந்தது.

"பாவம், அவருக்கும் ஒரு நாள் கொடுத்தால் என்ன குடியா முழுகிவிடும்?"

கோழிக்கு இருக்கிற இரக்கம் நமக்கில்லையே என்று கூட்டம் வெட்கப்பட்டது. ஏழாம் நாள் சனிக்குப் போயிற்று.

சனிக்குக் கண் கலங்கிவிட்டது. வெறுமனே கும்பிட்டுவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை, அதுதான் வினை. "தனியாக நடப்பது எவ்வளவு கொடுமை என்று எனக்குத் தெரியும். என் நாளில் சாகிறவர் யாரும் தனியாகப் போக வேண்டாம். இன்னொரு உயிரைத் துணைக்கு அனுப்புகிறேன். இது என் வரம்" என்றார்.

ஊரே அவர் காலில் விழுந்தது. "ஐயோ சாமி, வேண்டாம்!"

"கொடுத்த வரத்தைத் திருப்பி வாங்க எனக்குத் தெரியாதே" என்று விழித்தார் சனி.

அடுத்த சனிக்கிழமையே நாட்டாமையின் அண்ணன் மொக்கையன் செத்துப்போனார். அழக்கூட யாருக்கும் தோன்றவில்லை. அவரவர் பிள்ளைகளை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். நாட்டாமையின் மனைவிதான் மெல்லச் சொன்னாள்: "துணைக்கு மனுசப் பிள்ளைதான் போகணுமா? ஒரு கோழிக்குஞ்சு போகக் கூடாதா?"

எல்லாரும் செவலையைப் பார்த்தார்கள்.

"அவருக்கு நாள் கொடுக்கச் சொன்னது நீதானே" என்றார் நாட்டாமை.

"குஞ்சுக்குப் பதில் என்னைப் பாடையில் கட்டுங்கள் ஐயா. இது பிறந்து பத்து நாள்கூட ஆகவில்லை."

"நீ முட்டையிடுகிறவள். ஊருக்கு வேண்டும்."

அடப்பாவிகளா! இரக்கப்பட்டது ஒரு குற்றமா? ஒருவரும் கேட்கவில்லை. குஞ்சின் காலில் கயிற்றைக் கட்டிப் பாடையில் தொங்கவிட்டார்கள். "அம்மா, என்னை எங்கே கொண்டுபோகிறார்கள்?" என்று அது வழியெல்லாம் கத்திக்கொண்டே போயிற்று. செவலை பாடைக்குப் பின்னால் ஓடி ஓடிக் கெஞ்சியது. வானத்தைப் பார்த்துக் கதறியது. அங்கே சனி தலையைக் குனிந்து அழுதுகொண்டிருந்தார். அழுது என்ன பிரயோசனம்? குழியில் மொக்கையனோடு குஞ்சையும் வைத்து மண்ணைத் தள்ளினார்கள். சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு நின்றுவிட்டது.

எல்லாரும் குளித்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டார்கள். செவலை மட்டும் அங்கேயே நின்று இரண்டு கால்களாலும் மண்ணைப் பறித்தது. யாராவது உதவிக்கு வாருங்களேன் என்று விடிய விடியக் கூப்பிட்டது. ஒருவரும் வரவில்லை. கூப்பிட்டுக் கூப்பிட்டு அதற்குச் சொல்லெல்லாம் தீர்ந்துபோயிற்று. கொக் கொக் என்பது மட்டும் மிஞ்சியது.

அன்று முதல்தான் சனிக்கிழமைப் பிணத்தோடு ஒரு கோழிக்குஞ்சும் போகிறது. அன்று முதல்தான் எந்தக் கோழியும் நம்மோடு பேசுவதில்லை. மண்ணைக் கண்ட இடமெல்லாம் கிளறிக்கொண்டே இருக்கிறது. இரை தேடுகிறது என்று நாம் சொல்லிக்கொள்கிறோம்.