மிதவை வடக்கே, வலை தெற்கே

தீர்ப்புச் சொல்வது என்ன பெரிய காரியமா என்று கேட்பவர்கள் ஊருக்குப் பத்துப் பேர் உண்டு. அவர்களுக்காகவே இந்தக் கதை.

ஈச்சந்துறை மீனவர்களின் வழக்குகளைத் தீர்ப்பவர் நாட்டாமை. அப்பன் விட்டுப்போகிற பதவி அல்ல அது. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை ஊரே தேர்ந்தெடுக்கும். குடும்பத்துக்கு ஒரு சிப்பி, அதுதான் ஓட்டு. கோயில் திரைக்குப் பின்னால் போட்டியிடுகிறவர்களுக்கு ஆளுக்கொரு பானை. வைரக்கண்ணு முதல் தடவை ஏழே சிப்பி வித்தியாசத்தில் ஜெயித்தார். இரண்டாம் தடவை அறுபது. மூன்றாம் தடவை எதிர்த்து நிற்க ஆளே இல்லை. அவர் தீர்ப்புத் தப்பாது என்ற பேச்சுத்தான் அவரை ஜெயிக்க வைத்தது.

நான்காம் தேர்தலுக்குக் கொடி ஏறியது. கொடி ஏறிவிட்டால் சிப்பி எண்ணி முடியும்வரை நாட்டாமை எந்த வழக்கும் பேசக் கூடாது. அந்த நாட்களில்தான், கயிறு வாங்க வடக்கே இருந்த குப்பத்துக்குப் போனவர், ஒரு வீட்டு வேலியில் தொங்கிய மிதவைச் சரத்தைப் பார்த்தார். கிட்டே போய்க் கையில் எடுத்துப் பார்த்தார்.

இரண்டு ஆண்டுக்கு முன்பு பக்கிரிசாமி என்பவனின் படகில் அடுத்தவனின் தொலைந்துபோன வலை இருந்தது. மிதவைகள் மட்டும் இல்லை. தெற்கே தன் வலையில் சிக்கி வந்தது என்றான் அவன். வைரக்கண்ணு நம்பவில்லை. அன்றைக்கு நீரோட்டம் வடக்கே, தொலைந்த வலை எப்படித் தெற்கே வரும்? அடையாளம் தெரியாமலிருக்க மிதவையை நீதான் அறுத்திருக்கிறாய் என்று சொல்லி, இனி கடலில் கால் வைக்கக் கூடாது என்று தீர்த்தார். பக்கிரிசாமி இறால் பண்ணையில் சேறு அள்ளப் போனான்.

வேலியில் தொங்கியவை அந்த மிதவைகள்தான். சொந்தக்காரனின் சிவப்புப் பட்டை அழியாமல் இருந்தது. எப்போது கரை ஒதுங்கியது என்று அந்த வீட்டுக்காரரைக் கேட்டார். அவர் சொன்னது வலை தொலைந்த மறுநாள். கயிற்றின் முனையில் கத்தி பட்ட தடமில்லை. ஏதோ விசைப்படகின் விசிறி பிய்த்துப் போட்டதுபோல் நைந்திருந்தது. மிதவை மேல்நீரோடு வடக்கே வந்துவிட்டது. மிதவை போன வலை மூழ்கி, அடிநீரோடு தெற்கே போயிருக்கிறது. மேல்நீர் ஒரு பக்கம், அடிநீர் ஒரு பக்கம் ஓடும் என்பது நேற்றுக் கடலில் இறங்கியவனுக்கும் தெரியும். ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். ஆனை சறுக்கினால் அடியில் இருப்பவன் கதி என்ன என்று பழமொழி சொல்வதில்லை.

ஈச்சந்துறையில் ஒரு தீர்ப்பைச் சொன்னவரேதான் திருத்த முடியும், அதுவும் பதவியில் இருக்கும்போது மட்டும். வைரக்கண்ணு தோற்றால் பக்கிரிசாமிக்கு ஆயுளுக்கும் கடல் இல்லை. ஜெயித்துவிட்டுத் திருத்த வேண்டியதுதானே என்பீர்கள். அதற்கும் ஒரு முட்டுக்கட்டை இருந்தது. மறுபடி நிற்கும் நாட்டாமை, தேர்தல் காலையில் கற்பூரத்தின் மேல் சத்தியம் செய்ய வேண்டும்: "என் தீர்ப்பில் பிழை எதுவும் நானறியேன், பொய்யானால் என் பிள்ளையைக் கடல் கொள்ளட்டும்." அவருக்கு ஒரே பிள்ளை, முத்தழகன். தினமும் கடலுக்குப் போகிறவன்.

மனைவி தையல்நாயகியிடம் மட்டும் சொன்னார். 

"புள்ள உசுர வச்சு வெளையாடாதீங்க. தோத்துட்டு வாங்க."

"பக்கிரிசாமி?"

"அவன் கரையிலயாவது உசுரோட இருக்கான்ல?"

அதன் பிறகு அவருக்குச் சோறு இறங்கவில்லை.  ஊரில் உண்மையைச் சொல்லிவிடலாமா என்றும் நினைத்தார். தப்பாகத் தீர்த்தவனுக்கு எவன் சிப்பி போடுவான் என்று வாயை மூடிக்கொண்டார்.

தேர்தல் காலையில் சத்தியம் செய்தார். போட்டியிடுகிறவர் வீட்டுச் சிப்பியை மனைவிதான் போட வேண்டும். தையல்நாயகி திரைக்குப் பின்னால் போய், அதை எதிராளியின் பானையில் போட்டாள். தோற்றுப்போனாலாவது கோயில் ஆத்தா அந்தச் சத்தியத்தை மறந்துவிடுவாள் என்று நினைத்தாள், பாவம். வைரக்கண்ணு நாற்பது சிப்பியில் ஜெயித்தார்.

மறுநாளே ஊரைக் கூட்டினார். மிதவைச் சரத்தை நடுவில் வைத்து, அதை என்றைக்குப் பார்த்தார் என்பதையும் மறைக்காமல் சொல்லி, தீர்ப்பைத் திருத்தினார். பதவியையும் விட்டு இறங்கினார்.  அவர் மிதவையைப் பார்த்தது சத்தியத்துக்கு முன்பா பின்பா என்று எல்லாரும் மனதுக்குள் எண்ணிப் பார்த்தார்கள். பிறகு முத்தழகனைப் பார்த்தார்கள்.

அடுத்த விடியலில் அவன் படகில் ஏற யாரும் வரவில்லை. ஒற்றை ஆளாகப் படகைத் தள்ள முடியாது. தள்ளாவிட்டால் பிழைப்பு இல்லை. தையல்நாயகி மகனின் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். வைரக்கண்ணு கிட்டே போகவும் பயந்து தள்ளியே நின்றார். அப்போது பக்கிரிசாமி கஞ்சித் தூக்கோடு வந்து படகில் கை வைத்தான்.

"தள்ளு தம்பி. நானும் வாரேன்."

"ஊரே பயப்படுதுண்ணே. சத்தியம் எம் மேல கெடக்கு."

"தெரியும். எனக்கும் பயமாத்தான் இருக்கு. தள்ளு."

படகு மூன்றாவது அலையைத் தாண்டிப் போயிற்று. புருஷனும் பெண்சாதியும் ஒருவரையொருவர் பார்க்காமல் கடலையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

பொய்ச் சத்தியம் செய்து திருத்திய வைரக்கண்ணு, புருஷனுக்கு எதிராகச் சிப்பி போட்ட தையல்நாயகி, அந்தப் படகில் ஏறிய பக்கிரிசாமி: இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: படகு திரும்பியதா என்று கேட்காதீர்கள். திரும்பினால் ஒரு நியாயம், திரும்பாவிட்டால் ஒரு நியாயம் என்பது நியாயமே அல்ல. வைரக்கண்ணு நல்லதைச் செய்தார், ஆனால் மகனைப் பணயம் வைத்துச் செய்தார். தையல்நாயகி மகனைக் காக்கப் பக்கிரிசாமியின் பிழைப்பைப் பணயம் வைத்தாள். பெற்ற வயிறு, அவளைக் குறை சொல்ல மனம் வரவில்லை. தன் உயிரை மட்டும் வைத்தவன் பக்கிரிசாமி. அவன் செய்ததே சரி. ஆனால் அவன் அந்தப் படகில் ஏறும்படி நேர்ந்திருக்கவே வேண்டாம். கற்பூரத்தின் முன்னால் வைரக்கண்ணு உண்மையைச் சொல்லி, இந்த ஒரு முறை சத்தியத்தை விட்டுக்கொடுங்கள், திருத்துவதற்காகவாவது ஒரு சிப்பி போடுங்கள் என்று கேட்டிருக்கலாம். ஒன்பது ஆண்டு தன்னை நம்பிய ஊரை அவர் ஒரு நாள்கூட நம்பிப் பார்க்கவில்லை.