பாதி மேசைக்கு வந்த சரம்

மகள் கோதை சாப்பிட வருகிறாள் என்று தெரிந்த நாளிலிருந்து அரங்கேசனால் தியானத்தில் அமர முடியவில்லை.

துறவு பூண்டு ஆசிரமத்துக்கு வந்தவர், அவள் கல்யாணத்துக்குப் போகவில்லை. அதன்பின் அவள் அவரோடு பேசவே இல்லை.

அன்று விடியலிலேயே மகிழ மரத்தடியில் நீள மேசையைப் போட்டார். விளிம்பு முழுக்கச் சாமந்திச் சரம் கட்டித் தொங்கவிட்டார். வெயில் ஏறியபோது குரு வேதவல்லி வந்தார். அவர் அரங்கேசனைவிட வயதில் இளையவர்.

"ஒரு குறையும் இல்லை அம்மா. அவர்கள் வந்து உட்கார்ந்தால் போதும்" என்றார் அரங்கேசன்.

"வருவது விருந்தாளிகளா?"

"என் மனைவியும் மகளும்."

குரு சரத்தின் நுனி முடிச்சை அவிழ்த்து இழுத்தார். பூக்கள் மொத்தமும் மேசைமேல் உதிர்ந்தன.

"அம்மா! என்ன இது?"

குரு சமையலறைக்குப் போய்விட்டார்.

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. அரங்கேசன் பதறிப்போய்த் திரும்பக் கட்டத் தொடங்கினார். காலையில் நனைத்த வாழைநார் வெயிலில் காய்ந்திருந்தது. இழுத்ததும் அறுந்தது.

மனைவி செண்பகவல்லி அருகே வந்து நின்றாள். "பெத்த பொண்ணு கல்யாணத்துக்கு வர நேரமில்ல. பூக்கட்ட நேரமிருக்கு."

அவர் தலை நிமிரவில்லை. கோதை வேலியைப் பார்த்தபடி நின்றாள். நார் மறுபடியும் அறுந்தது.

மூன்றாவது முறை அறுந்தபோது கோதை வந்து அதைப் பிடுங்கினாள்.

"நாரை நனைக்காம யாராவது கட்டுவாங்களா?"

செம்புத் தண்ணீரில் நாரை முக்கிவிட்டு, எதிரே உட்கார்ந்து கையை நீட்டினாள். அவர் இரண்டு பூக்களை எடுத்து வைத்தார். கட்டினாள். மறுபடி நீட்டினாள்.

"கல்யாணத்துக்கு என் மாலைய நானேதான் கட்டினேன். பூ எடுத்துக் குடுக்க ஆளில்ல."

அடுத்த இரண்டு பூக்களை எடுத்தார். அவள் கையில் தலைகீழாக வைத்தார்.

"காம்பு இந்தப் பக்கம்" என்றாள் கோதை.

சோறு ஆறியது. சரம் பாதி மேசைக்குத்தான் வந்தது. செண்பகவல்லி பூக்களை ஒதுக்கி இலை போட்டாள். மூவரும் சாப்பிட்டார்கள். கிளம்பும்போது கோதை "வரேன்" என்று மட்டும் சொன்னாள். அதுவும் யாரிடம் என்று தெரியவில்லை.

ஆட்டோ போன பிறகு குரு வந்தார்.

"அம்மா, அவள் என்னை மன்னித்துவிட்டாளா?"

"சரத்தின் நுனியில் முடிச்சுப் போட்டிருக்கிறாளா, பாருங்கள்."

அரங்கேசன் குனிந்து பார்த்தார். நார் நீளமாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

"இல்லை."

"அப்படியானால் நாரைக் காயவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்."