மூன்று கட்டடமும் ஒரு ஜோடிச் செருப்பும்

ஒன்றியத் தலைவர் மாசிலாமணி முன்னால் சத்தமாகத் தும்முகிறவர்கூட அந்த வட்டாரத்தில் கிடையாது. அரசு மானியத்தில் மூன்று ஊரில் மூன்று கட்டடம் கட்டிவிட்டதாக அவர் எழுதி அனுப்பியிருந்தார். பார்த்து வரும்படி தணிக்கைத் துறை அனுப்பியது, வேலையில் சேர்ந்து மூன்றே மாதமான செங்கமலத்தை.

“பொழுது சாயறதுக்குள்ள மூணையும் பார்த்துக் கையெழுத்துப் போட்டுடணும். இல்லேன்னா நாளைக்கே உனக்கு டிரான்ஸ்பர்தான்” என்று சொல்லித் தலைவர் அவளைத் தன் காரிலேயே ஏற்றிக்கொண்டார்.

முதலில் நூலகம். செங்கமலம் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்ப் பார்த்தாள். திரும்பும்போது வெறுங்காலோடு காரில் ஏறினாள். கரும்புக்காட்டுப் பாதையில் ஒரு மணி நேரம் போய், “இது அடுத்த ஊரு அங்கன்வாடி” என்றார் தலைவர். இன்னும் ஒரு மணி நேரம் போனபிறகு மகளிர் குழுக் கட்டடம் வந்தது. பெயர்ப்பலகையில் பெயிண்ட் காயவில்லை.

“மூணும் பார்த்தாச்சுல்ல? போடு கையெழுத்தை.”

“போடறேங்க ஐயா. செருப்பை மாட்டிக்கிறேன்.”

காலையில் கழற்றிய இடத்திலேயே, வாசற்படியோரம் கிடந்த செருப்பை மாட்டிக்கொண்டு அறிக்கை எழுதினாள்: ‘பார்த்த பெயர்ப்பலகைகள் மூன்று. பார்த்த கட்டடம் ஒன்று. சாட்சி, என் செருப்பு.’

கீழே, தலைவர் சொன்னபடியே, பொழுது சாய்வதற்குள் கையெழுத்தும் போட்டாள்.